ஏழாவது பாட்டில் ஒரு கதவு

லெர்விக் துறைமுகத்தில்
கப்பலுக்குக் காத்திருக்கும் வரிசையில்
பதினொன்றாவது வேன் என்னுடையது.
கண்ணாடியெல்லாம் உப்பு. வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடுகிறது.
ஐல்சா ஹால்க்ரோவின் நான்காவது ஆல்பம்
இன்று காலைதான் வந்தது.

முதல் ஆல்பம் முழுக்க நான்தான்.
மஞ்சள் பூட்ஸ்காரன்,
சாவியைத் திருப்பித் தராதவன்,
அவள் அப்பாவின் சாவுக்கு வராதவன்.
எல்லாம் உண்மை.
பூட்ஸ் மட்டும் ஆரஞ்சு.
மஞ்சள்தான் தாளத்தில் உட்கார்ந்தது என்று
டிரம்ஸ் அடிக்கும் மாக்னி பின்னால் சொன்னான்.

கிளாஸ்கோவில் ஒரு பப்பில்
முந்நூறு பேர் சேர்ந்து என்னைத் திட்டிப் பாடினார்கள்.
தனித்துத் தெரியக் கூடாதென்று
நானும் வாயசைத்தேன்.

அப்போது அவள் குரல்
தகர டப்பாவைத் தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டு ஓடும்.
கித்தாரை எவ்வளவு கூட்டினாலும் போதாது.
மௌனம் சொட்டுகிற இடத்திலெல்லாம்
ஓடிப்போய் ஒரு சத்தத்தை வைப்பாள்,
ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைப்பதுபோல்.

இரண்டாவது ஆல்பத்தில் நான் பாதி.
மூன்றாவதில் ஒரே வரி,
பெயரில்லாமல், 'யாரோ ஒருத்தன்' என்று.

இதில் தேடுகிறேன்.

முதல் பாட்டு:
மீன் ஆலையில் இரவு வேலை பார்க்கும்
லாத்வியாக்காரி ஒருத்தி
ரப்பர் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
மகன் அனுப்பிய செய்தியைப் படிக்கிறாள்.
அவ்வளவுதான்.
செய்தியில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை.
பழைய ஐல்சாவாக இருந்தால்
இரண்டாம் சரணத்துக்குள்
அந்தப் பையனை நார் நாராகக் கிழித்திருப்பாள்.

மூன்றாவதில் கித்தார் வந்து
நாலே சுரம் தட்டிவிட்டு
சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறது.
பிறகு ஒன்றரை நிமிஷம்
பேஸும் அவள் மூச்சும்.
மேலே ஏறும்போது குரல் உடைகிறது.
உடைந்ததை ஒட்டாமல் அப்படியே விட்டிருக்கிறாள்.

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து
நாலு மாசம் பேசவே இல்லையாம்.
கடையில் ரொட்டிக்குக்கூட விரல் காட்டினாளாம்.
கேட்கப் பழகியது அப்போதாக இருக்கலாம்.
யாருக்குத் தெரியும்.
நான் அங்கே இல்லை.

ஐந்தாவது மட்டும் பழைய இடி.
மாக்னி தோலைக் கிழித்துவிடுவான் போலிருக்கிறது.
ஆனால் இந்த இடிக்கு
எங்கே விழுவதென்று தெரிந்திருக்கிறது.
விழுந்துவிட்டு
தன் எதிரொலியை முழுசாகக் கேட்டு முடித்த பிறகே
அடுத்த அடி எடுத்துவைக்கிறது.
ஸ்டீயரிங்கில் என் விரல்கள்
என்னைக் கேட்காமல் தாளம் போட்டன.

ஏழாவதில்
ஒரு கதவு மெல்லச் சாத்தப்படுகிறது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
இதுதான். என் கதவு.
பதினாலு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரியில்,
சுவர்க் கடிகாரம் விழுமளவுக்கு
நான் அறைந்துவிட்டுப் போன கதவு.
அதை இவ்வளவு மெதுவாக்கிவிட்டாளே,
மன்னித்துவிட்டாளே என்று
தொண்டை அடைத்தது.

அடுத்த வரியில் தெரிந்தது,
அது ஓவனின் கதவு.
உள்ளே ரொட்டி.
பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.
வெட்கக்கேடு,
ஆனாலும் தோன்றியது.

பின்னாலிருந்து ஹாரன். வரிசை நகர்ந்திருக்கிறது.
மின்னும் சட்டை போட்ட பையன் கையசைத்து
என்னைக் கப்பலின் வயிற்றுக்குள் கூப்பிடுகிறான்.
இன்னும் இரண்டு பாட்டு பாக்கி.
அவற்றிலும் நான் இருக்கப்போவதில்லை.

கியரை மாற்றினேன்.
மறுபடி முதல் பாட்டை வைத்தேன்,
அந்தப் பையன்
அம்மாவுக்கு என்னதான் எழுதியிருப்பான் என்று.